இடது கண்: இயல்பு

பிப்ரவரி 15, சனி

மூன்றாமாண்டு மாணவர்களுக்கான கண் மருத்துவச் செய்முறைத் தேர்வு திங்களன்று தொடங்குகிறது. ஏற்பாடுகளை முழுமையாகச் சரிபார்த்தேன். டார்ச் விளக்குகள் பன்னிரண்டுக்கும் புதிய பேட்டரிகள் போடப்பட்டன. பார்வைப் பலகைக்கும் நோயாளியின் நாற்காலிக்கும் இடையே ஆறு மீட்டர் இருக்கிறதா என நாடாவைப் பிடித்து நானே அளந்தேன். பதினோரு சென்டிமீட்டர் குறைந்தது. தரையிலிருந்த கோட்டை அழித்து மீண்டும் வரையச் செய்தேன்.

தேர்வுக்கு நோயாளிகளை அழைத்துவருவது எங்கள் துறையின் மூத்த பணியாளர் மூக்கையாவின் பொறுப்பு. வருபவர்களுக்குச் சிறு பரிசு ஒன்று தருவது வழக்கம். அவரிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. அதில் பெரும்பாலும் ஆட்களின் பெயர் இராது. ‘இமை தொங்கல், ரயில்வே கேட்’, ‘மாறுகண், மாவு மில்’ என நோயும் இடமும் தொலைபேசி எண்ணும்தான் இருக்கும். பெயரோடு பதிவாகியிருப்பவர் சீனியம்மாள் ஒருவரே.

“சீனியம்மா வர்றாங்கதானே?” என்று கேட்டேன்.

“அது வராம இருக்குமா சார்? நமக்குத்தான் பரீட்ச. அதுக்குத் திருவிழா. நேத்தே போனப் போட்டு, ‘இந்த வருசமும் டிபன் பாக்ஸ்தானா, பூப்போட்ட தட்டு கிட்டு ஏதும் கிடையாதா’ங்குது.”

சீனியம்மாளுக்கு வயது ஐம்பத்து நான்கு. கிராமத்து வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார். ஏழு வயதில் கருவேல முள் குத்தி வலது கருவிழி புண்ணாகி, ஆறியபின் வெண்தழும்பு நிலைத்துவிட்டது. தழும்பின் உட்புறத்தில் கண்ணின் நிறத்திரை (ஐரிஸ்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாடநூலின் வண்ணப்படத்தில்கூட இவ்வளவு தெளிவு இராது. ஒன்பது ஆண்டுகளாக எங்கள் தேர்வுக்கு வருகிறார். இது பத்தாவது முறை.

ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய சரியான விடையைக் கொண்ட தேர்வாளர் குறிப்புகளை அச்சிட்டு உறையிலிட்டேன். இந்நாட்குறிப்பை என்னைத் தவிர எவரும் படிக்கப்போவதில்லை. எனினும் எதையும் முறையாக எழுதிவைப்பது என் வழக்கம்.

பிப்ரவரி 17, திங்கள்

தேர்வின் முதல் நாள். எட்டரை மணிக்குத் தொடங்க வேண்டியது எட்டு முப்பத்தைந்துக்குத் தொடங்கியது. வெளித்தேர்வாளர் வந்த ரயில் தாமதம்.

நோயாளிகளுக்கு வழக்கமான அறிவுறுத்தலைக் கூறினேன். கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டும், நோயின் பெயரை மாணவர்களிடம் சொல்லக்கூடாது, புதிய கதைகள் கூடாது. சீனியம்மாள் சிரித்தார். “எனக்குத் தெரியாதா சார்? ‘வலது கண்ணுல சின்ன வயசுல முள்ளு குத்திருச்சு, பார்வ மங்கல். இடது கண்ணு நல்லாருக்கு.’ அம்புட்டுத்தான? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.”

பிற்பகலில் விரும்பத்தகாத நிகழ்ச்சி ஒன்று. தஸ்னீம் என்னும் மாணவிக்குச் சீனியம்மாள் ஒதுக்கப்பட்டிருந்தார். வலது கண்ணைப் பற்றிய அவருடைய விவரிப்பில் குறையில்லை. ஆனால் இடது கண்ணுக்கான பகுதியில் பின்வருமாறு எழுதியிருந்தார்: ‘பார்வை 6/6. பார்வைப் பரப்பு எல்லாப் பக்கமும் குறுகியுள்ளது. விரலால் அழுத்திப் பார்க்கையில் கண் கடினமாக உள்ளது. இக்கண்ணை உடனடியாகப் பரிசோதிக்க வேண்டும்.’

தேர்வாளர் குறிப்பில் இருப்பது இரண்டே சொற்கள்: இடது கண், இயல்பு.

“பரப்பை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“எதிர்ல உக்காந்து விரல ஓரத்துலருந்து கொண்டுவந்து பாத்தேன் சார். எனக்குத் தெரிஞ்ச பிறகு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அவங்களுக்குத் தெரியுது. ரெண்டு தடவை பாத்தேன்.”

“உங்க பக்கத்து மேசை மாணவர் பார்த்த நோயாளிக்குக் கண்ணழுத்த நோய். அதைக் கேட்டுட்டு இங்க எழுதலையே?”

“இல்ல சார்.”

நான் சீனியம்மாள் பக்கம் திரும்பி, “இடது கண்ணுக்கு என்னம்மா?” என்று கேட்டேன்.

“இடது கண்ணு நல்லாருக்கு சார்” என்றார் அவர்.

மாணவி அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வெளித்தேர்வாளர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

முதல் வகுப்பிலேயே நான் மாணவர்களுக்குச் சொல்லிவிடுவதுண்டு. கண்டதை எழுதாமல் விடுவது அறியாமை, அதை மன்னிக்கலாம். காணாததை எழுதுவது பொய்ச் சாட்சி, அதை மன்னிக்க இயலாது. பரிசோதனைப் பகுதிக்கு மதிப்பெண் வழங்கவில்லை. மொத்தம் நாற்பத்து நான்கு. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். வெளித்தேர்வாளரும் கையொப்பமிட்டார். குறிப்பு என் கையால் தயாரிக்கப்பட்டது. ஐயத்துக்கு இடமில்லை.

மாலையில் நோயாளிகள் புறப்படும்போது சீனியம்மாள் வாசலில் சாத்தியிருந்த பாதிக் கதவில் தோள் இடித்துக்கொண்டார். “என்ன ஆத்தா, இம்புட்டுப் பெரிய கதவு தெரியலையா?” என்று மூக்கையா கேலி செய்தார். “கதவுதான வந்து என்னைய இடிச்சுச்சு” என்றார் அவர். இனித் தேர்வு நாட்களில் கதவின் இரு பாதிகளும் திறந்திருக்க வேண்டும் என மூக்கையாவுக்கு உத்தரவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தேர்வு, இரண்டாம் நாள். குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

மதிப்பெண் பட்டியல் முத்திரையிடப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டது.

மதிய உணவு இடைவேளையில் தஸ்னீம் அறை வாசலில் நின்றார். முடிவு வெளியாகும்வரை தேர்வர்களிடம் பேசக்கூடாது என்பது விதி என்றேன்.

“மார்க்கப் பத்திப் பேச வரல சார். அந்த அம்மாவ ஒரு தடவை பாத்துருங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“அதுவும் தேர்வு தொடர்பான விஷயம்தான். நீங்க போகலாம்.”

போனார். வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மார்ச் 2, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது. புத்தக அலமாரியில் கரையான் மருந்து தெளிக்கப்பட்டது. மனைவி கௌசல்யா முழங்கால் வலிக்கிறது என்றாள். மாடிப்படிக்குக் கைப்பிடி பொருத்த ஆளை வரச்சொல்ல வேண்டும்.

பார்வைப் பலகையில் 6/6 படிக்கும் ஒரு கண்ணில் பக்கப் பார்வை முற்றிலும் அழிந்திருக்கக் கூடுமா என்பதைப் பாடநூலில் மீண்டும் படித்தேன். கூடும். இதைப் பதினெட்டு ஆண்டுகளாக நானே கற்பித்து வருகிறேன். பார்வை நரம்பு ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சாகிறது. நடுவிலிருக்கும் சிறு வட்டம் கடைசிவரை மிஞ்சும். நோயாளி கடைசி வரி எழுத்தையும் படிப்பார், கதவில் இடித்துக்கொள்வார்.

பொதுவான ஆர்வத்தினால் படித்தேன்.

மார்ச் 6, வியாழன்

சீனியம்மாளின் புறநோயாளிச் சீட்டைப் பதிவு அறையில் தேடச் சொன்னேன். அப்படி ஒன்று இல்லை. தேர்வுக்கு வருபவர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே தேர்வறைக்கு வருகிறார்கள். சீட்டுப் பதியும் வழக்கமில்லை. ஒன்பது ஆண்டுகளாக இம்மருத்துவமனைக்கு வந்த ஒருவர் இம்மருத்துவமனையின் நோயாளி அல்லர்.

அவரை வரவழைக்குமாறு மூக்கையாவிடம் கூறினேன்.

“என்னா சார், பரீட்ச முடிஞ்சிருச்சே?”

“வழக்கமான பரிசோதனைக்குத்தான்.”

“வழக்கமாவா? அதுக்கா?” என்றவர் என் முகத்தைக் கண்டதும் நீல நோட்டைத் தேடிப் போனார்.

தொலைபேசியில் மருமகள் பேசினாராம். மாமியார் கண்மாய்க் கரையில் எதிரே வந்த சைக்கிளைக் கவனியாமல் விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறாராம். அடுத்த வாரம் வருவாராம்.

மார்ச் 12, புதன்

சீனியம்மாள் பதினொன்று பத்துக்கு வந்தார். முதன்முறையாகப் புறநோயாளிச் சீட்டுப் பதியப்பட்டது.

இடது கண். பார்வை 6/6. கண்ணழுத்தம் முப்பத்தாறு. இருபத்தொன்றைத் தாண்டக்கூடாது. மருந்திட்டுக் கண்பாப்பாவை விரித்து நரம்பைப் பார்த்தேன். வெளிறிக் குழிந்திருக்கிறது. ஓரத்தில் மெல்லிய விளிம்பு மட்டும் எஞ்சியுள்ளது. பார்வைப் பரப்பை இயந்திரத்தில் வரைந்தெடுத்தேன். தாள் முழுவதும் கறுப்பு. நடுவில் ஒரு வெண்புள்ளி, ஏறக்குறைய என் கட்டைவிரல் நகத்தளவு.

மாணவி விரலால் அறிந்தது சரி. எழுதியது அனைத்தும் சரி.

தேர்வாளர் குறிப்பின் மூலப்படியை எடுத்துப் பார்த்தேன். 2016இல் தயாரிக்கப்பட்டது. அவ்வாண்டு இடது கண் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டுள்ளது. அழுத்தம் பதினாறு, நரம்பு நலம். அதன்பின் ஆண்டுதோறும் குறிப்பில் தேதி மட்டும் மாற்றப்பட்டுள்ளது.

சீனியம்மாளிடம் சொட்டு மருந்தைக் கொடுத்து, திங்களன்று மருமகளுடன் வருமாறு சொன்னேன்.

“என்ன சார், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? பரீட்சைல நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?” என்று கேட்டார்.

மார்ச் 13, வியாழன்

பழைய விடைத்தாள்களை வாங்கிப் படித்தேன். கையிருப்பில் மூன்று ஆண்டுகளுக்குரியவை உள்ளன. மாதிரித் தேர்வுகளையும் சேர்த்து ஒன்பது ஆண்டுகளில் சீனியம்மாள் முன் அமர்ந்த மாணவர்கள், பதிவேட்டின்படி, நானூற்றுப் பன்னிரண்டு பேர். கையிருப்பிலுள்ள தாள்களில் பெரும்பாலோர் ‘இடது கண்: இயல்பு’ என எழுதி அதற்குரிய மதிப்பெண்ணைப் பெற்றிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டின் தாள் ஒன்றில் ஓர் அடித்தல் இருக்கிறது. விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு அடியில் ‘பக்கப் பார்வை குறைவு?’ என்று படிக்க முடிகிறது. அதை அடித்துவிட்டு அருகில் ‘இயல்பு’ என எழுதியிருக்கிறார் அம்மாணவர். என் கையொப்பத்துடன் முழு மதிப்பெண்.

மார்ச் 14, வெள்ளி

அலமாரியிலிருந்து என் பழைய நாட்குறிப்புகளை எடுத்துத் தேர்வு நாட்களை ஆண்டுவாரியாகப் படித்தேன். 2022ஆம் ஆண்டில் ஒரு பதிவு உள்ளது.

இன்று மேற்கொண்டு எழுத இயலவில்லை.

மார்ச் 17, திங்கள்

நடந்ததை நடந்தவாறு எழுதுகிறேன்.

சீனியம்மாளும் மருமகள் முத்துமாரியும் பத்து மணிக்கு வந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னேன். பரப்பின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, கறுப்பாக இருப்பதெல்லாம் பார்வை போன இடம், வெள்ளையாக இருப்பது மிஞ்சிய இடம் என்று விளக்கினேன். போனது திரும்பாது. மிஞ்சியதைக் காக்க ஓர் அறுவை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அதுவும் ஓரிரு ஆண்டுகளில் போய்விடும். செய்வதிலும் சிறிது அபாயம் உண்டு.

முத்துமாரி வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். “வெள்ளையா இருக்கது இம்புட்டுத்தானா சார்?”

“ஆமாம்மா.”

“இது எத்தன வருசமா இருக்கு?”

“நாலைந்து வருஷம் இருக்கலாம்.”

“நாலஞ்சு வருசமா? வருசா வருசம் இங்கனதான வருது! காலங்காத்தால குளிச்சு, நல்ல சேலையக் கட்டிக்கிட்டு, மொத பஸ்ஸுக்கு ஓடியாருமே. அப்ப இங்க என்னத்தப் பாத்தாக?”

 

“ஏய், சத்தம் போடாத. சார்ட்ட போயி” என்றார் சீனியம்மாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அதில்ல சார். மக வீட்டுல வச்சு, வேற டாக்டர்ட்டக் காட்டு காட்டுன்னு சொன்னாக. நாந்தான் மாட்டேன்னேன். எங்கண்ண வருசத்துக்கு நாப்பது அம்பது டாக்டருக பாக்காக, ஏதும் இருந்தா அதுல ஒருத்தராச்சும் சொல்ல மாட்டாகளான்னு நெனச்சுக்கிட்டேன்.”

சிறிது நேரம் கழித்து, “நான் உங்கட்டச் சொன்னேன் சார், ஒரு வருசம்” என்றார். “நெனவிருக்கா? அந்தி சாய்ஞ்சா பக்கத்துல வர்ற ஆளு தெரியலன்னு. நீங்கதான் சொன்னீக, அதெல்லாம் சொன்னா பிள்ளைக குழம்பிரும்னு. அதுக்கப்புறம் நான் யார்ட்டயும் சொல்லல.”

அவர் குறைகூறும் தொனியில் சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்னும் தொனியில் சொன்னார்.

‘நினைவிருக்கிறது’ என்றேன். இது உண்மையன்று. வெள்ளிக்கிழமைவரை எனக்கு நினைவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

2022 மார்ச் 8ஆம் தேதிப் பதிவிலிருந்து சொல் மாறாமல் பெயர்த்தெழுதுகிறேன்:

‘தேர்வு இனிது முடிந்தது. சீனியம்மாள் இடது கண்ணைப் பற்றியும் ஏதோ குறை கூறத் தொடங்கினார். மாலையில் பக்கத்தில் வருபவர் தெரியவில்லையாம். கேஸின் தெளிவு கெட்டுவிடும், மாணவர்கள் குழம்புவர், அதைச் சொல்ல வேண்டாம் என அறிவுறுத்தினேன். ஒத்துக்கொண்டார். ஒத்துழைப்பு மிக்க நோயாளி. அடுத்த ஆண்டும் அழைக்கவும்.’

கையெழுத்து என்னுடையது. மை நீலம். திருத்தம் எதுவும் இல்லை.

மார்ச் 20, வியாழன்

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கடிதம் எழுதினேன். தேர்வாளர் குறிப்பு தவறானது என்பதையும், தேர்வர் தஸ்னீம் எழுதியது முற்றிலும் சரி என்பதையும், தவறுக்குக் காரணம் நானே என்பதையும் எண்ணிட்ட பத்திகளில் தெரிவித்து, பரிசோதனைப் பகுதிக்கு முழு மதிப்பெண் வழங்கக் கோரினேன். வரைபடத்தின் நகலையும் இணைத்தேன். 2022ஆம் ஆண்டுப் பதிவைக் குறிப்பிட்டேன். நகலை இணைக்கவில்லை.

கல்லூரி முதல்வர் கடிதத்தை இருமுறை படித்தார்.

“இதெல்லாம் எதுக்கு சார் எழுத்துல? அந்தப் பொண்ணுக்கு ஜூன்ல மறுதேர்வு இருக்கு. நம்ம கைலதான இருக்கு. தூக்கி விட்டுட்டாப் போச்சு.”

“அவரைத் தூக்கி விட வேண்டியதில்லை சார். அவர் விழவே இல்லை.”

“இது உங்க சர்வீஸ் புத்தகத்துல ஏறும். தெரியுமில்ல?”

தெரியும் என்றேன். பிற்பகலிலேயே 2022ஆம் ஆண்டுப் பக்கத்தையும் நகலெடுத்து இணைத்துக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மார்ச் 23, ஞாயிறு

கைப்பிடி பொருத்துபவர் வந்தார். வேலை முடிந்து அவர் போனபின் கௌசல்யாவிடம் முழங்கால் எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டேன்.

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ரெண்டு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன். நீங்களும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ண ரிப்பேர் பண்ணிட்டுப் போயிடுறீங்க” என்றாள்.

உண்மை. பழைய நாட்குறிப்புகளில் அதுவும் இருக்கிறது. குளியலறையில் வழுக்காத ஓடு பதித்தது, சமையலறையில் உயரமான ஸ்டூல் வாங்கியது.

ஏப்ரல் 9, புதன்

பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. முத்திரையிட்டு ஒப்படைக்கப்பட்ட செய்முறை மதிப்பெண்ணை எக்காரணம் கொண்டும் மாற்ற விதியில் இடமில்லை. தேர்வர் மறுதேர்வு எழுதலாம். என் விளக்கம் தனியே பரிசீலிக்கப்படும்.

அவ்விதியை வகுத்த குழுவில் நானும் உறுப்பினன். ‘எக்காரணம் கொண்டும்’ என்னும் தொடரைச் சேர்க்கச் சொன்னவன் நான். அத்தொடர் இல்லாவிட்டால் ஓட்டை விழும் என்று அன்று வாதாடினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

தஸ்னீமை வரவழைத்து, என் கடிதத்தையும் பதிலையும் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“என் பிழையால் உங்களுக்கு நான்கு மாதம் போகிறது. மன்னிக்க வேண்டும்” என்றேன். இச்சொற்களை முந்தைய நாளே எழுதிப் பார்த்திருந்தேன்.

“ரிசல்ட் வந்ததும் வாப்பாட்ட ஃபெயில்னு சொன்னப்போ ரெண்டு நாள் பேசல சார். முதல் தடவையா ஃபெயில் ஆகிருக்கேன். பரவால்ல, எழுதிருவேன்.” கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். “ஒண்ணு சொல்லலாமா சார்?”

“சொல்லுங்க.”

“அன்னைக்கு நீங்க அவங்ககிட்ட ‘இடது கண்ணுக்கு என்னம்மா’ன்னு கேட்டீங்க. அவங்க நல்லாருக்குன்னாங்க. என்ன நம்பாம அவங்கள நம்பிட்டீங்கன்னு அழுதேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, நீங்க அவங்களையும் கேக்கல சார். உங்க பேப்பர்ல இருந்தத அவங்க வாயால வாசிக்க வச்சீங்க.”



“நானும் பெருசா ஒண்ணும் பண்ணிடல” என்றார் தொடர்ந்து. “எழுதுனேன், உங்ககிட்ட வந்து சொன்னேன், போன்னீங்க, போயிட்டேன். அவங்க நம்பர மூக்கையா அண்ணன்கிட்ட வாங்கி நானே கூப்பிட்டுச் சொல்லிருக்கலாம். விதின்னு பயந்துட்டேன். அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு சார்?”

இருபத்து நான்காம் தேதி அறுவை என்றேன். நாளைக் குறித்துக்கொண்டார்.

ஏப்ரல் 24, வியாழன்

அறுவையை நான் செய்யவில்லை. அழுத்த நோயில் தனித் தேர்ச்சி பெற்ற மருத்துவரை வெளியூரிலிருந்து அழைத்திருந்தேன். நான் உதவியாளராக நின்றேன். நாற்பத்திரண்டு நிமிடங்கள். சிக்கல் எதுவும் இல்லை.

சீனியம்மாளுக்குக் கண் மரத்திருந்ததேயன்றி நினைவு தெளிவாக இருந்தது. துணியின் அடியிலிருந்து, “சார், நீங்க இங்கனதான இருக்கீக?” என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். “அப்பச் சரி” என்றார்.

அச்சொற்கள் நாளெல்லாம் காதில் இருந்தன.

தஸ்னீம் வார்டு வாசலில் முத்துமாரியுடன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள். முத்துமாரி இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

கட்டு அவிழ்க்கப்பட்டது. அழுத்தம் பதின்மூன்று. நடுவிலுள்ள வட்டம் அப்படியே இருக்கிறது. மூக்கையா வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் கொடி ஓடிய பூப்போட்ட தட்டு ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

“இது பரீட்சைக் கணக்குல வராது ஆத்தா. இது எங்கணக்கு” என்றார்.

சீனியம்மாள் தட்டை முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல நகர்த்தி நகர்த்தி, பூப் பூவாகப் பார்த்தார். தட்டு முழுவதையும் பார்த்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

மே 19, திங்கள்

விளக்கம் கோரும் குறிப்பாணை வந்தது. விளக்கம் அளித்தேன். மறுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

மறுதேர்வு. தேர்வாளர் பொறுப்பிலிருந்து எழுத்து மூலம் விலகிக்கொண்டேன். எந்த நோயாளிக்கும் பழைய குறிப்பு பயன்படுத்தப்படவில்லை. அன்று காலையில் இரு கண்களையும் பரிசோதித்துத் தயாரித்த குறிப்பே பயன்படுத்தப்பட வேண்டும் என்பது புதிய நடைமுறை. நோயாளிகள் அனைவருக்கும் சீட்டுப் பதியப்பட்டது. பன்னிரண்டு பேரில் இருவருக்கு இதுவரை யாரும் கண்டறியாத குறை இருந்தது.

இருவர்.

நீல நோட்டில் உள்ள மற்றவர்களையும் வரவழைக்க மூக்கையாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

தஸ்னீம் தேர்ச்சி. எழுபத்தெட்டு மதிப்பெண்.

ஜூலை 14, திங்கள்

புதிய மாணவர் அணியின் முதல் வகுப்பு. நாற்பது பேர். வழக்கமான தொடக்க உரையைத் தயாரித்து வைத்திருந்தேன். ‘காணாததை எழுதுவது பொய்ச் சாட்சி’ என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். மேலே செல்ல முடியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

சீனியம்மாள் மறுபரிசோதனைக்கு வந்திருந்தார். மருமகளின் முழங்கையைப் பற்றியபடி அறை வாசலில் நின்று, “புதுப் பிள்ளைகளா சார்? சத்தமே சொல்லுதே. நான் வேணா உக்காரவா?” என்று கேட்டார்.

முத்துமாரி வேண்டாம் என்பதுபோல் அவர் கையை இழுத்தார். நானும் வேண்டாம் என்றேன்.

“சும்மா இருங்க சார். பத்து வருசமா உக்காந்த நாற்காலி” என்று சொல்லிவிட்டு, காலால் தடவியபடி வந்து உட்கார்ந்தார். முத்துமாரி வாசலிலேயே நின்றுகொண்டார்.

மாணவர்களை என் இரு பக்கமும் அரை வட்டமாக நிற்கச் செய்தேன். சீனியம்மாளுக்கு நேரெதிரே ஒரு முழத் தொலைவில் நான் அமர்ந்தேன். மாணவர்கள் குறிப்பேடுகளைத் திறந்தார்கள்.

“வலது கண்ணுக்கு என்னம்மா?”

“சின்ன வயசுல முள்ளு குத்திருச்சு சார். பார்வ மங்கல்.”

“இடது கண்ணுக்கு?”

“இடது கண்ணு நல்லாருக்கு சார்” என்றார்.

பழக்கத்தால் சொன்னாரா, இத்தனை பேர் முன்னிலையில் எனக்குத் தலைகுனிவு நேரக்கூடாதென்று சொன்னாரா, நான் அறியேன். அவர் முகத்தில் அறிவதற்கு எதுவும் இல்லை. நாற்பது பேரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

எழுதியதை அடிக்கச் சொன்னேன். பேனாக்களை மூடிவைத்துவிட்டு, அசையாமல், பேசாமல் நின்று கவனிக்கச் சொன்னேன். பிறகு, “அம்மா, நான் சொல்லிக்குடுத்ததச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க” என்றேன்.

அவர் தயங்கினார். “பிள்ளைக குழம்பிராதா சார்?”

“குழம்பட்டும்மா.”

சீனியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். இடது கண்ணை என் முகத்துக்கு நேரே நிறுத்தி, நெடுநேரம் பார்த்தார். அறையில் மின்விசிறியின் ஒலி மட்டும் கேட்டது.

“உங்க மூஞ்சி தெரியுது சார். மூக்குக்கண்ணாடி தெரியுது. இன்னைக்குச் சரியாச் சவரம் பண்ணல, அதும் தெரியுது.” நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டார். “பிள்ளைக எல்லாம் போயிட்டாகளா சார்?”

என் வலப்பக்கம் இருபது பேரும் இடப்பக்கம் இருபது பேரும் நின்றிருந்தார்கள்.